தராசில் வைத்துப் பார்த்த பேட்டரி

மே மாதத்தில் ஏரி வற்றிவிட்டால் எங்களுக்கு ஓடுதளம் கிடைத்துவிடும். காலை ஆறரைக்குள் போய்ச் சேர்ந்தால், காற்று எழுவதற்கு முன் நாலைந்து தடவை மாதிரி விமானத்தைப் பறக்கவிடலாம். போன கோடையில் ஒரு நாள், பொறியியல் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர், தாங்களே ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டிய விமானத்தோடு வந்தார்கள். இறக்கை 1.3 மீட்டர், எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். நேர்த்தியான வேலை. கையிலிருந்து விட்டதும் ஜிவ்வென்று ஏறியது. நான்காவது நிமிடம், ஒரு லூப் போடலாம் என்று த்ராட்டிலை முழுக்கத் தள்ளிய நொடியில் மோட்டார் நின்றது. விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கரையோரச் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

"இஎஸ்சி போயிடுச்சு சார்" என்றான் ஒருவன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பலகையைச் சொன்னான்.

"முதல்ல பேட்டரியக் கழட்டிக் குடு தம்பி, பார்ப்போம்."

தொட்டால் சுட்டது. லேபிளில் 11.1 வோல்ட், 2200 எம்ஏஹெச், 60சி என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். என் பையில் எப்போதும் ஒரு சமையலறைத் தராசு இருக்கும். வைத்துப் பார்த்தால் 138 கிராம். என்னுடைய பழைய 2200, வெறும் 25சி என்று போட்டது, 184 கிராம். உடைந்த மூக்கில் டேப் ஒட்டி, என் பேட்டரியை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி மாட்டி, மறுபடி விட்டோம். ஆறு நிமிடம் பறந்து, மூன்று லூப் போட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியது. இஎஸ்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரேடியோவால் இயக்கும் ஆர்.சி. விமானத்துக்கு எந்த லித்தியம் பேட்டரி வாங்குவது என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வி சரி, தொடங்கும் இடம்தான் தவறு. லேபிளில் இருக்கும் மூன்று எண்களைப் பார்த்து, எது பெரிதோ அதை வாங்கிவிடுகிறார்கள். விமானத்தின் எடையிலிருந்து தொடங்கி, அது இழுக்கும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அதற்குப் பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. மூன்று எண்களில் வோல்ட்டை மீட்டரில் பார்க்கலாம், கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஹெச்சைச் சார்ஜரில் பார்க்கலாம். மூன்றாவதான 'சி'யை வீட்டில் நேராக அளக்க வழியில்லை. அதனால்தான் அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போகிறது.

மின்சாரத்தில் பறப்பது என்பது ஆரம்பம் முதலே எடையோடு நடந்த மல்லுக்கட்டுதான். 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 'ரேடியோ குயின்' என்ற மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். ரேடியோவால் இயக்கப்பட்ட மின் விமானத்தின் முதல் பதிவான பறப்பாக அதைத்தான் சொல்கிறார்கள். அதில் இருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி. எடைக்கு நல்ல ஆற்றல் தரும், ஆனால் விலையோ வெள்ளி விலை. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஹைனோ பிரிடிச்கா ஆள் ஏறும் மின் விமானத்தில் முதன்முதலாகப் பறந்தபோது, நிக்கல்-கேட்மியம் பேட்டரிகளைச் சுமந்துகொண்டு காற்றில் நின்றது ஏறக்குறைய ஒன்பது நிமிடம். அதற்குப் பின்னால் இருந்த பொறியாளர் ஃப்ரெட் மிலிட்கி, அதற்கும் பல ஆண்டுகள் முன்பே மின் மாதிரி விமானங்களைச் செய்துபார்த்தவர்.

எங்கள் தலைமுறை 'நைகேட்' என்று சொன்ன அந்த நிக்கல்-கேட்மியத்தில் ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். இன்றைய மூன்று செல் லித்தியம் தரும் 11.1 வோல்ட்டை எட்ட ஒன்பது செல்லாவது வேண்டும். ஒரு செல் 55 முதல் 60 கிராம் என்றால் ஒன்பதும் சேர்ந்து அரைக்கிலோ. இன்று அதே வேலையை 180 கிராம் செய்கிறது. ஒரு கிலோ விமானத்தில் முந்நூறு கிராம் மிச்சம்! மின் விமானம் பணக்காரர்களின் பரிசோதனையாக இருந்தது போய், ஃபோம் போர்டும் பசையும் வைத்திருக்கிற மாணவனின் கைக்கு வந்தது இந்த முந்நூறு கிராமால்தான். கூடவே பிரஷ் இல்லாத மோட்டாரும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது.

லித்தியம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நம் விமானங்களில் மூன்று குடும்பங்கள் புழங்குகின்றன. சோனி நிறுவனம் 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் செல்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. அதில் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தலாம் என்று 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காட்டியவர் ஜான் குட்எனஃப். அவரே பிறகு டெக்சஸில் இருந்தபோது இரும்பு பாஸ்பேட் வழியையும் 1990-களில் திறந்துவிட்டார். ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோருடன் 2019-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் 'லிப்போ' என்று சொல்வதும் 'லைஃப்' என்று சொல்வதும் ஒரு வகையில் ஒரே மனிதரின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்கின்றன.

லிப்போ என்றால் லித்தியம் பாலிமர். பெயர் அப்படி இருந்தாலும், விமானத்துக்கு வருகிற செல்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஜெல் அல்லது திரவ மின்பகுளிதான். வேறுபாடு உடுப்பில்: இரும்புக் கூட்டுக்குப் பதில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மெல்லிய உறை. அதனால் எடை குறைவு, பட்டையாக அடுக்கலாம், மெல்லிய தகடுகள் வழியே பெரிய மின்னோட்டத்தைச் சட்டென்று இழுக்கலாம். அதே உறைதான் அதன் பலவீனமும். ஒரு ஆணி குத்தினாலும், உள்ளே வாயு சேர்ந்தாலும், தாங்குவதற்கு வேறு எதுவும் இல்லை. செல்லுக்கு 3.7 வோல்ட் என்று எழுதியிருக்கும். முழுதாக ஏற்றினால் 4.2. 4.35 வரை ஏற்றக்கூடிய ஹெச்வி வகையும் உண்டு. சிறு பந்தய ட்ரோன்களில் அதற்கு மதிப்பு, நம் விமானத்தில் பெரிய மாற்றம் தெரியாது.

உருளை வடிவ லித்தியம்-அயன் செல்லை மாணவர்கள் பவர் பேங்கிலும் லேப்டாப்பிலும் பார்த்திருப்பார்கள். 18650 என்ற எண்ணே அளவைச் சொல்லிவிடும்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இப்போது 21700 பரவலாகிவிட்டது. நீண்ட நேரம் நிதானமாகப் பறக்கும் விமானத்துக்கு இதற்கு இணை இல்லை. மோலிசெல் பி42ஏ என்ற 21700 செல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: 4200 எம்ஏஹெச், 70 கிராம். மூன்றை வரிசையில் கோத்தால் 210 கிராம், வயரோடு இன்னும் கொஞ்சம். என் 184 கிராம் லிப்போவில் இருப்பது 24 வாட்-மணி; இதில் 45. முப்பது, நாற்பது கிராம் கூட்டினால் ஏறக்குறைய இரட்டை ஆற்றல். அப்படியானால் எல்லோரும் ஏன் இதற்கு மாறவில்லை? முழு த்ராட்டிலில் அதன் வோல்ட் லிப்போவைவிட அதிகமாகச் சரியும். செங்குத்தாக நின்று ஆட்டம் காட்டும் விமானம் அந்தச் சரிவைத் தாங்காது. ஏரிமேல் அரை மணி நேரம் வட்டமடிக்கும் கிளைடருக்கோ கேமரா விமானத்துக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. மாறுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த செல்கள் 3 வோல்ட்டுக்குக் கீழேயும் ஆற்றல் தரக்கூடியவை. இஎஸ்சி மோட்டாரை நிறுத்தும் வெட்டு வோல்ட்டை லிப்போ அளவிலேயே விட்டுவைத்தால் செல்லில் மீதமிருப்பது பயன்படாமலே போகும்.

சந்தையில் 9900 எம்ஏஹெச் என்று அச்சிட்ட 18650 செல்கள் கிடைக்கின்றன. அந்த அளவு உருளைக்குள் இன்று அடைக்கக்கூடியது 3500-ஐ ஒட்டித்தான். உண்மையான செல் 45 கிராமுக்குக் குறையாது. இங்கேயும் தராசே சாட்சி.

மூன்றாவது குடும்பம் லித்தியம் இரும்பு பாஸ்பேட், நாம் 'லைஃப்' என்பது. செல்லுக்கு 3.3 வோல்ட், முழு ஏற்றம் 3.6. 2000-களின் நடுவில் ஏ123 நிறுவனத்தின் 2300 எம்ஏஹெச் செல்கள் கை துரப்பண இயந்திரங்களின் பேட்டரிக்குள் வந்தன. வெளிநாட்டு ஆர்வலர்கள் அந்த பேட்டரிகளைப் பிரித்துச் செல்களை உருவி விமானத்தில் போட்டார்கள். அடிபட்டாலும் எளிதில் தீப்பிடிக்காது, நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். ஆனால் எடைக்கு ஆற்றல் குறைவு. இன்று அதற்கு உரிய இடம் பெட்ரோல் இன்ஜின் விமானங்களில் ரேடியோ ரிசீவருக்கும், சுக்கான்களை அசைக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுப்பது. இரண்டு செல் சேர்ந்தால் 6.6 வோல்ட், ஆறு வோல்ட் சர்வோக்கள் பலவற்றுக்கு நடுவில் ரெகுலேட்டர் இல்லாமலே நேராகக் கொடுத்துவிடலாம். இரண்டு செல் லிப்போ முழு ஏற்றத்தில் 8.4 வோல்ட் தரும், சாதாரண சர்வோ அதில் கருகிவிடும்.

இனி விமானத்துக்கு வருவோம். முதலில் எடை. பேட்டரியோடு சேர்த்து விமானம் எவ்வளவு எடை வரப்போகிறதோ, அதில் கிலோவுக்கு இத்தனை வாட் என்று ஒரு கணக்கு உண்டு. பழகும் விமானத்துக்குக் கிலோவுக்கு 150 வாட் போதும். லூப், ரோல் போட வேண்டுமென்றால் 220, 250. போட்டி விமானம்போலச் சாகசம் செய்ய 300. புரொப்பெல்லரில் தொங்கி நிற்க வேண்டுமானால் 400-ஐத் தாண்ட வேண்டும். அமெரிக்கப் புத்தகங்களில் இதைப் பவுண்டுக்குச் சொல்வார்கள், 2.2-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்த மாணவர்களின் விமானம் 1.3 கிலோ, லூப் போட ஆசை. 240 வாட் வீதம் 312 வாட். மூன்று செல் பேட்டரி சுமையில் ஏறக்குறைய 10.5 வோல்ட்டில் நிற்கும். 312-ஐ 10.5-ஆல் வகுத்தால் 30 ஆம்பியர். இந்த 30-தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய எண். மோட்டாரையும் புரொப்பெல்லரையும் மாட்டி, ஒரு வாட் மீட்டர் வைத்து உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று தரையிலேயே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மீட்டர் பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

எத்தனை செல் என்பதை மோட்டார்தான் முடிவு செய்யும். நம் கல்லூரிகளில் கிட்டத்தட்ட எல்லா கிட்டிலும் வருவது ஏ2212, 1000 கேவி மோட்டார். கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. அது இரண்டு, மூன்று செல்லுக்கான மோட்டார். பத்து அங்குலப் புரொப்பெல்லரோடு மூன்று செல்லில் 15 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். "நாலு செல் போட்டா வேகமா போகும்ல சார்?" என்று கேட்பார்கள். போகும், கொஞ்ச நேரம். புரொப்பெல்லருக்கு வேண்டிய திறன் சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வோல்ட் மூன்றில் ஒரு பங்கு கூடினால் மின்னோட்டம் 15-லிருந்து 26-ஐ நோக்கிப் போகும், வாட் இரண்டு மடங்கைத் தாண்டும். மோட்டார் சுருளில் இருந்து வார்னிஷ் வாசனை வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். செல்லைக் கூட்டினால் புரொப்பெல்லரைக் குறைக்க வேண்டும், அல்லது குறைந்த கேவி மோட்டாருக்கு மாற வேண்டும்.

பெரிய விமானங்களில் கதை வேறு. அங்கே செல்லைக் கூட்டுவதுதான் புத்தி. 1000 வாட் வேண்டுமென்றால் மூன்று செல்லில் 95 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஆறு செல்லில் 48 போதும். வயரில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வருவதால், அது கால் பங்காகக் குறைந்துவிடும்.

அடுத்தது கொள்ளளவு. "பெரிய பேட்டரி, நிறைய நேரம்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு கிலோ விமானத்தில் 180 கிராம் 2200-ஐ எடுத்துவிட்டு 310 கிராம் 4000-ஐ வைத்தால் என்ன ஆகும்? கொள்ளளவு 82 சதவீதம் கூடியது. விமானத்தின் எடையும் 13 சதவீதம் கூடிவிட்டது. அந்த எடையைத் தூக்கிக்கொண்டு போக ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். கடைசியில் கையில் கிடைக்கும் கூடுதல் நேரம் பாதி அளவுதான். தரையிறங்கும் வேகமும் ஆறு சதவீதம் ஏறிவிடும். ஏரித் தரையில் ஃபோம் விமானத்துக்கு அந்த ஆறு சதவீதம் சக்கரம் தாங்குவதற்கும் பிய்ந்துபோவதற்கும் உள்ள வித்தியாசம்.

உலகப் போட்டிகளைக் கவனித்தால் இந்த எடைக் கணக்கு பளிச்சென்று தெரியும். எஃப்5ஜே என்ற மின் கிளைடர் போட்டியில் மோட்டாரை அதிகபட்சம் 30 நொடிதான் ஓட்டலாம். ஏறிய உயரத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணும் கழிப்பார்கள். அங்கே பேட்டரி உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். எஃப்3ஏ சாகசப் போட்டியில் நெடுங்காலமாக விமானத்துக்கு 5 கிலோ உச்சவரம்பு, பேட்டரியும் அதற்குள் அடக்கம். பத்து செல் 5000 எம்ஏஹெச் பேட்டரியே ஒரு கிலோவுக்கு மேல். மீதி விமானத்தை எவ்வளவு மெலிதாகச் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எடையோடு இடமும் சேர்ந்து வரும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்குள் புவியீர்ப்பு மையம் விழ வேண்டும். சி.ஜி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரு கிலோ விமானத்தில் 180 கிராம் பேட்டரியை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால் சி.ஜி. மூன்றரை மில்லிமீட்டருக்குமேல் நகரும். மூக்கில் இருக்கும் பேட்டரியை இலேசானதாக மாற்றிவிட்டு, சி.ஜி. பார்க்காமல் பறக்கவிட்டால், வால் கனத்த விமானம் கையை விட்ட உடனே தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றதை மீட்டவர்கள் குறைவு. அதனால் வாங்கும்போதே பேட்டரி அறையின் நீள, அகல, உயரத்தை ஒரு அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

இப்போது அந்த 'சி'. கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் காலி செய்யும் மின்னோட்டம் 1சி. 2200 எம்ஏஹெச்சுக்கு அது 2.2 ஆம்பியர். 25சி என்றால் 55 ஆம்பியர் தொடர்ந்து தரும் என்று சொல்கிறார்கள். 60சி என்றால் 132 ஆம்பியர். அந்த வேகத்தில் இழுத்தால் பேட்டரி ஒரே நிமிடத்தில் காலி. அதன் முனையில் இருக்கும் மஞ்சள் நிற எக்ஸ்டி60 கனெக்டரோ 60 ஆம்பியருக்குச் செய்தது. 132 ஆம்பியர் தருவதாகச் சொல்லும் பேட்டரியைத் தயாரித்தவரே அதில் 60 ஆம்பியர் கனெக்டரை மாட்டியிருக்கிறார்! மாதிரி விமான பேட்டரிகளின் சி மதிப்பை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனை எதுவும் கிடையாது. ஒரே தயாரிப்பாளரின் 25-ஐயும் 50-ஐயும் ஒப்பிடலாம். ஒருவரின் 60-ஐ இன்னொருவரின் 25-ஓடு ஒப்பிட்டால் ஏரிக்கரையில் நடந்ததுதான் நடக்கும்.

லேபிளின் சி-க்குப் பதிலாக நம்பக்கூடியது ஒன்று உண்டு: உள்மின்தடை. இப்போதைய சார்ஜர்கள் பலவும் ஒவ்வொரு செல்லுக்கும் அதை மில்லி ஓமில் காட்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேட்டரியையும் அளந்தேன். என்னுடையதில் செல்லுக்கு ஐந்து, மொத்தம் 15 மில்லி ஓம். மாணவர்களுடையதில் 14, 15, 16; மொத்தம் 45. இனிக் கணக்குத்தான். 30 ஆம்பியர் இழுத்தால் என் பேட்டரியில் 0.45 வோல்ட் குறையும். அவர்களுடையதில் 1.35. நான்காவது நிமிடத்தில் அது பாதிக்குமேல் காலியாகி செல்லுக்கு 3.7 வோல்ட்டில், அதாவது மொத்தம் 11.1 வோல்ட்டில் இருந்திருக்கும். அதில் 1.35-ஐக் கழித்தால் 9.75, செல்லுக்கு 3.25. அவர்கள் இஎஸ்சியின் வெட்டு வோல்ட் 3.3. அது தன் கடமையைச் செய்து மோட்டாரை நிறுத்தியது. உள்ளே இன்னும் சார்ஜ் இருந்தது, ஆனால் கேட்ட வேகத்தில் வெளியே வர வழியில்லை. த்ராட்டிலை முழுக்கக் கீழே இறக்கி மறுபடி மெல்ல ஏற்றினால் பெரும்பாலான இஎஸ்சிகள் மோட்டாரைத் திரும்ப ஓட்டும். இதை அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது.

பிறகு பேட்டரியை மெதுவாகக் காலி செய்து, திரும்ப ஏற்றிப் பார்த்தேன். 2200 என்று போட்டதில் ஏறியது 1540. 138 கிராமில் அவ்வளவுதான் இருக்க முடியும்.

உள்மின்தடை இன்னொரு கேட்டையும் செய்கிறது. நம் வெயிலில் அது பெரிய கேடு. சராசரியாக 15 ஆம்பியரில் ஐந்து நிமிடம் பறந்தால் என் பேட்டரிக்குள் 3.4 வாட் சூடு பிறக்கும். அவர்களுடையதில் 10 வாட்டுக்கு மேல். செல்லின் எடையில் ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய ஒரு ஜூல் என்று வைத்துக்கொண்டால், என்னுடையது ஐந்தரை டிகிரி ஏறும், அவர்களுடையது 22 டிகிரி ஏறும். ஐரோப்பாவில் 15 டிகிரிக் காலையில் தொடங்கினால் 37-ல் முடியும், ஒன்றும் ஆகாது. நம் ஊரில் மே மாதப் பத்து மணிக்கு நிழலிலேயே 38. அதில் 22-ஐக் கூட்டினால் 60. லிப்போவை அதற்குமேல் விடக் கூடாது என்று வைத்திருக்கும் எல்லையே அதுதான். அதனால் வெளிநாட்டுக் காணொளியில் ஒருவர் நன்றாக ஓடுகிறது என்று காட்டும் பேட்டரியை நாம் அப்படியே நம்ப முடியாது. நம் தேவைக்கு மேல் ஒரு படி தாராளமாக வாங்க வேண்டும். 30 ஆம்பியர் இழுக்கும் விமானத்துக்கு, நம்பகமான தயாரிப்பில் கொள்ளளவையும் சி-யையும் பெருக்கிய கணக்கு 60 ஆம்பியரைத் தொடட்டும். பேட்டரி அறைக்கு முன்னால் காற்று நுழைய ஒரு துளையும், பின்னால் வெளியேற அதைவிடப் பெரிய துளையும் வெட்டுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் முழு சார்ஜ் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். முழு ஏற்றமும் சூடும் சேர்ந்தால் செல் வேகமாகக் கிழடு தட்டிவிடும்.

உள்மின்தடையை அளப்பதில் ஒரு எச்சரிக்கை. செல் சூடாக இருந்தால் தடை குறைவாகக் காட்டும், சார்ஜருக்குச் சார்ஜரும் மாறும். எப்போதும் ஒரே சார்ஜரில், பேட்டரி ஆறி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அளந்து, தேதியோடு பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதிவிடுவேன். புதிதில் இருந்த எண் இரண்டு மடங்காகிவிட்டால் அதைப் பறக்கவிடுவதில்லை, மேஜை விளக்குக்கு மாற்றிவிடுவேன். மூன்று செல்லில் ஒன்று மட்டும் தனியாக ஏறினால் அதுவும் போதிய அறிகுறி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 150, 200 பறப்பு தாராளமாகக் கிடைக்கிறது.

கனெக்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா பேட்டரிக்கும் ஒரே வகை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பற்றவைக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டர் கடித்தால் பொறி பறக்கும்.

சார்ஜருக்குப் பேட்டரி அளவுக்கே பணம் ஒதுக்க வேண்டும். வெள்ளை நிறச் சிறு பிளக் வழியாக ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்த்துச் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜரே வேண்டும். 1சி-யில் ஏற்றுங்கள், 2200-க்கு 2.2 ஆம்பியர். பறந்து வந்த சூட்டோடு மாட்டாதீர்கள். இரசாயன வகையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு: இரும்பு பாஸ்பேட்டை லிப்போ என்று வைத்தாலும், சாதாரண லிப்போவை ஹெச்வி என்று வைத்தாலும் அளவுக்கு மீறி ஏறும். வாரக் கடைசியில் பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8, 3.85 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று அதற்கென்றே இருக்கும்.

தீயைப் பற்றிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை, ஆனால் மறைக்கவும் மாட்டேன். அளவுக்கு மீறி ஏற்றினாலோ, உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டாலோ, சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். உள்ளிருக்கும் கரைப்பான் எரியக்கூடியது. நான் மொட்டைமாடியில் சிமெண்ட் தரைமேல், அகலமான மண்சட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறேன். பக்கத்தில் ஒரு வாளி மணல். சட்டியின் மூடியை இறுக்குவதில்லை, வாயு வெளியேற வழி வேண்டும். சமையலறையில், சிலிண்டர் இருக்கும் இடத்தில், தூங்கும் அறையில் ஒருபோதும் வேண்டாம். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி நன்றாகத்தான் இருப்பதுபோல் தெரியும். அதை உடனே பைக்குள் போடாமல் அரை மணி நேரமாவது வெளியே திறந்த இடத்தில் வையுங்கள். உப்பிப்போன பேட்டரியை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12 வோல்ட் வண்டி பல்பை மாட்டி முழுக்கக் காலி செய்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை இந்தியாவில் 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. வீட்டுக் குப்பையோடு போட்டால், குப்பை வண்டியில் அமுக்கும்போது எரியும். அங்கே நிற்கிற தூய்மைப் பணியாளருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

போட்டிக்கு விமானத்தில் பயணம் செய்கிறவர்களுக்கு: தனி பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை அனுமதி, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்குமேல் கிடையாது. மூன்று செல் 2200 வெறும் 24. ஆறு செல் 5000 என்றால் 111, முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புது பேட்டரி வந்ததும் முதல் பறப்பை நான்கு நிமிடத்தில் முடித்துக்கொள்வேன். இறக்கி, தொட்டுப் பார்த்து, வீட்டில் சார்ஜர் எவ்வளவு திருப்பி ஏற்றுகிறது என்று பார்ப்பேன். 1000 எம்ஏஹெச் ஏறினால் நிமிடத்துக்கு 250. எண்பது சதவீதத்துக்குமேல் எடுக்கக் கூடாது என்பதால் 2200-ல் எடுக்கக்கூடியது 1760, அதாவது ஏழு நிமிடம். ரிமோட்டின் டைமரை ஆறுக்கு வைத்துவிடுவேன். இறக்குவது ஒரு தடவை தவறிப்போனால் மேலே ஏறி இன்னொரு சுற்று வர அந்த ஒரு நிமிடம் கையிருப்பு.

அந்த மூன்று மாணவர்களும் ஜூன் கடைசியில் மறுபடி வந்தார்கள். மூக்குக்குப் புது ஃபோம், பக்கவாட்டில் காற்றுத்துளை. பேட்டரி மேல் கறுப்பு மார்க்கரில் வாங்கிய தேதி, 181 கிராம், 4-5-4 என்று எழுதியிருந்தது. ஆறாவது நிமிடம் டைமர் அடித்தது. இறக்கிவிட்டு மீட்டரைச் செருகிப் பார்த்தார்கள்: செல்லுக்கு 3.76, 3.75, 3.76. கையில் வாங்கிப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.